வட்டம் போடாத டிக்

எங்க அண்ணிகிட்ட ஒரு பிஸ்கட் டப்பா இருக்கு. உள்ள பிஸ்கட் கிடையாது, அறுபத்தி மூணு விசிட்டிங் கார்டு. ஒவ்வொரு கார்டுக்குப் பின்னாடியும் பென்சில்ல பொடி எழுத்துல ஒரு குறிப்பு இருக்கும். "கண்ணாடி போட்டவர், நிதானமா கேட்டார்." "திருப்பிக் கூப்பிடறேன்னார், கூப்பிடல." "கை குலுக்கும்போதே வேற எங்கயோ பாத்தார்." இன்னைக்குக் காலைல வந்த ஒரு போனுக்கு அப்புறம் அந்த டப்பா மறுபடியும் மேஜை மேல வந்து உக்காந்திருக்கு. அதான் உடனே எழுத உக்காந்துட்டேன்.

அண்ணி லிஃப்ட் மெக்கானிக். பொம்பளையா, லிஃப்ட் மெக்கானிக்கான்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில்தான் வச்சிருக்காங்க. "அது லிஃப்ட்டுக்குத் தெரியாதுங்க." ஒரே கம்பெனில பதினோரு வருஷம். ஒருநாள் அந்தக் கம்பெனி ரிப்பேர் பிரிவையே மூடிட்டாங்க. புது லிஃப்ட் விக்கற பிரிவுக்கு வர்றீங்களான்னு கேட்டாங்க. அண்ணி மாட்டேன்னுட்டாங்க. வீட்ல அண்ணன் தலைல கை வச்சு உக்காந்துட்டார்.

"ஏம்மா, ஏசி ரூம்ல உக்காந்து பேசற வேலைய யாராவது வேண்டாம்பாங்களா?"

"விக்கறவங்களுக்கு ஜனங்க லிஃப்ட்டுல ஏறினாப் போதுங்க. எனக்கு ஏறினவங்க இறங்கணும்."

அவ்ளோதான். அவங்களுக்கு வேலைன்னா அதுதான், ஏறினவங்க இறங்கணும். இதக் கேட்டப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அண்ணன், "நல்லா இருக்கு, சினிமாவுக்கு வசனம் எழுதப் போ"ன்னார்.

அப்புறம் பதினாலு மாசம் தேடினாங்க. வீட்ல உக்காந்து விண்ணப்பம் போட்டா நடக்காது, நாலு பேரத் தெரிஞ்சு வச்சிருக்கணும்னு யாரோ சொன்னாங்க. அண்ணிக்கு யார்கிட்டயும் போய் நின்னு பழக்கம் இல்ல. ஆனாலும் போனாங்க. மெக்கானிக்குங்க சங்கக் கூட்டம், பாதுகாப்புப் பயிற்சி, கட்டடக்காரங்க நடத்தற கண்காட்சி எதையும் விடல. இஸ்திரி போட்ட சட்டை, பையில சொந்தமா அடிச்ச கார்டு. திரும்பி வந்ததும் வாங்கின கார்டையெல்லாம் டப்பாவுல போடுவாங்க. அதுல அவங்க ரொம்ப நம்பினது ஒரு கார்டத்தான். சங்கக் கூட்டத்துல பாத்த ஒரு சீனியர் மெக்கானிக்கோடது. எல்லாரும் அவர ஸ்பானர்னுதான் கூப்பிடுவாங்களாம். அந்தக் கார்டுக்குப் பின்னாடி மட்டும், "இவர் சொன்னாச் செய்வார்"னு எழுதியிருந்துச்சு.

போன மாசம் ஒரு ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டாங்க. ஒன்பது மாடி, ரெண்டு லிஃப்ட். பேசினது மேனேஜர். குரல் அவ்வளவு இனிப்பு.

"மேடம், உங்களப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கேன்."

பதினாலு மாசம் கதவத் தட்டினவங்களுக்கு இந்த ஒரு வார்த்தை எப்படி இருந்திருக்கும். போன வச்சிட்டு அண்ணி சமையல் ரூம்ல போய் கொஞ்ச நேரம் தனியா நின்னுட்டு வந்தாங்க. பொறுப்பு லிஃப்ட் பாதுகாப்பு. நோயாளிகள படுக்கையோட ஏத்தற பெரிய லிஃப்ட்டும் அதுல சேர்த்தி. வேண்டி நின்ன வேலையே வந்துருச்சு. யார் சொல்லி நம்மளத் தெரிஞ்சுதுன்னு யாருமே கேக்கல, நானும் கேக்கல.

திங்கக்கிழமை சேந்தாங்க. கீழ் தளத்துல மேனேஜர் படுக்கை லிஃப்ட் கதவத் திறந்து, "போங்க மேடம், மேல மோட்டார் ரூம்ல பாக்கலாம்"னார். அவர் படியேறினார். "நடந்தா உடம்புக்கு நல்லது."

லிஃப்ட்டுக்குள்ள ஒரு பெரியவர் ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தார். லிஃப்ட்காரர். கதவு மூடறதுக்கு முன்னாடி அண்ணி வெளிய பாத்தாங்க. நர்ஸ், துப்புரவுக்காரங்க, கேன்டீன் ஆளுங்க எல்லாரும் பக்கத்து லிஃப்ட்டுக்கு வரிசைல நிக்கறாங்க. இது காலியாத்தான் இருந்துச்சு.

"என்னங்க ஐயா, இதுல யாரும் ஏறல?"

"ஏறுவாங்கம்மா, படுத்திருக்கறவங்க ஏறுவாங்க"ன்னார் அவர். "எந்திரிச்சு நடக்கறவங்க ஏற மாட்டாங்க."

"அப்போ நீங்க?"

"எனக்கு முட்டி வலி"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சார். அண்ணிக்கும் சிரிப்பு வந்துச்சாம். ஆறாவது மாடி தாண்டும்போது லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி, ஒரு சாண் இறங்கி, மறுபடி ஏறிச்சு. பெரியவர் ஸ்டூல ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். அது அவருக்குப் பழகிப் போயிருந்துச்சு.

மொட்டை மாடில இருக்கு மோட்டார் ரூம். கதவத் திறந்ததும் பெயின்ட் வாசனை. நாலு சுவரும் பளிச்னு வெள்ளை. இங்கதான் அண்ணிக்கு முதல் தடவையா சந்தேகம் வந்துச்சாம்.

ஏன்னா மோட்டார் ரூம் சுவருக்கு யாரும் பெயின்ட் அடிக்க மாட்டாங்க. அந்தச் சுவருதான் மெக்கானிக்குங்களோட பதிவேடு. சர்வீஸுக்கு வர்றவங்க தேதி, தன் பேரோட முதல் எழுத்து, பக்கத்துல ஒரு டிக். டிக்னா "வந்துட்டேன்"னு மட்டும்தான் அர்த்தம். எல்லாம் பாத்து முடிச்சு, சரியா இருந்தாத்தான் கிளம்பும்போது அந்த டிக்க சுத்தி ஒரு வட்டம் போடுவாங்க. வட்டம் இல்லாத டிக்கப் பாத்தா அடுத்து வர்றவங்க உஷாராயிருவாங்க. இது எந்தப் புத்தகத்துலயும் கிடையாது, அவங்களுக்குள்ள வச்சிக்கிட்ட வழக்கம்.

அண்ணி மார்க்கர எடுத்தாங்க. பதினோரு வருஷப் பழக்கம், கை தானா போச்சு. தேதி, எழுத்து, டிக். அந்த வெள்ளைச் சுவத்துல அது மட்டும் தனியா நின்னுச்சு. மூச்சு வாங்கிக்கிட்டு படியேறி வந்த மேனேஜர் அதப் பாத்தார். சிரிச்சார். போன எடுத்து ஒரு போட்டோ பிடிச்சார்.

"ஒரு ஞாபகத்துக்கு மேடம்."

அப்புறம் ஒரு படிவம் குடுத்தார். ரெண்டு லிஃப்ட்டும் இந்த வருஷம் ஓடத் தகுதியா இருக்குன்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணுமாம்.

"பாத்துட்டுப் போடறேன் சார்."

"முதல்ல போடுங்க, அப்புறம் ஆற அமரப் பாருங்க. நீங்க எங்க போயிரப் போறீங்க?"

அன்னைக்கு சாயந்தரம் வீட்ல அண்ணி சரியாவே பேசல. அண்ணன், "வேலை இல்லாதப்பவும் இதே மூஞ்சி, வேலை கிடைச்சும் இதே மூஞ்சியா?"ன்னு கிண்டல் பண்ணார். "சுவரு புதுசா இருக்குங்க"ன்னாங்க அண்ணி. எங்க ரெண்டு பேருக்கும் புரியல.

செவ்வாய்க்கிழமை பக்கத்து லிஃப்ட்டப் பாத்தாங்க, அது சரியா இருந்துச்சு. புதன்கிழமை மத்தியானம் படுக்கை லிஃப்ட்டோட மின்சாரப் பெட்டியத் திறந்தாங்க. பெயின்ட் அடிச்சவன் அந்தப் பெட்டிக் கதவோட உள்பக்கத்த மறந்துட்டான். அங்க அஞ்சு போன் நம்பர். அஞ்சும் வேற வேற கையெழுத்து. ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் ஒரே வார்த்தை. "கூப்பிடு."

கடைசி நம்பர எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு அண்ணி போன்ல அடிச்சாங்க. அடிச்சு முடிக்கறதுக்குள்ள திரைல பேரு வந்துருச்சு. ஸ்பானர் அண்ணா.

அவர் எடுத்ததும் ஹலோ கூடச் சொல்லல. "அங்க சேந்துட்டியா தங்கச்சி?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் நேரா விஷயத்துக்கு வந்தார். "ஓரத்துல ஒரு தகரப் பெட்டி இருக்கு பாரு. அதத் திற."

அண்ணி போனக் காதுல வச்சுக்கிட்டே திறந்தாங்க. லிஃப்ட் கட்டுப்பாடு இல்லாம வேகமா இறங்கினா அதப் பிடிச்சு நிறுத்தறதுக்குன்னு ஒரு சக்கரம் உண்டு. எத்தனை கயிறு அறுந்தாலும் கடைசியா உயிரக் காப்பாத்தறது அதுதான். அந்தச் சக்கரத்தோட கொக்கிய அசைய விடாம, கட்டுக்கம்பியால நாலு சுத்து சுத்திக் கட்டி வச்சிருந்தாங்க. லிஃப்ட் குலுங்கறப்பல்லாம் அந்தக் கொக்கி பிடிச்சு, லிஃப்ட் நடுவுல நின்னு, நோயாளி மாட்டிக்கிட்டு, புகார் வந்திருக்கு. குலுக்கல சரி பண்றத விட்டுட்டு கொக்கியக் கட்டிட்டாங்க.

"நான் அவுத்தேன், மறுநாளே மறுபடி கட்டிட்டாங்க"ன்னார் ஸ்பானர். "எனக்கு முன்னாடி நாலு பேருக்கும் இதே கதைதான். கையெழுத்து போட மாட்டேன், போறேன்னேன். அதுக்கு மேனேஜர், போங்க, ரிலீவிங் லெட்டர் தர்றேன், ஆனா உங்க இடத்துக்கு ஒரு பேர் குடுத்துட்டுப் போங்கன்னார். ரொம்ப நாளா வேலை தேடற ஆளா இருக்கணும்னார். அலைஞ்சு களைச்ச ஆளாப் பாத்துக் குடுங்கன்னார்."

அண்ணி அந்தக் கட்டுக்கம்பிய விரலால தொட்டுப் பாத்தாங்க.

"உன் கார்டு என் சட்டைப் பைலயே இருந்துச்சு தங்கச்சி."

இத அண்ணி எங்ககிட்ட சொன்னப்ப அழல. எனக்குத்தான் முடியல. உங்களப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கேன்னு அந்த ஆள் சொன்னது பொய்யே இல்ல பாருங்க. இந்தப் பொண்ணு பதினாலு மாசமா அலையுது, இல்லன்னு சொல்லாதுன்னு கேள்விப்பட்டிருக்கார். அஞ்சு பேரும் தப்பிச்சுப் போகும்போது அடுத்த ஆளக் கை காட்டிட்டுப் போயிருக்காங்க. மனசு உறுத்தி, பெட்டிக் கதவுல நம்பரும் எழுதிட்டுப் போயிருக்காங்க.

அண்ணி போன வச்சாங்க. பெரியவரக் கூப்பிட்டு, உள்ள யாரும் இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டு, லிஃப்ட்டக் கீழ் தளத்துல நிறுத்தினாங்க. மெயின் சுவிட்ச இறக்கி, அதுல தன்னோட சிவப்புப் பூட்ட மாட்டினாங்க. அந்தத் தொழில்ல அது ஒரு சட்டம். பூட்டுப் போட்டவங்கதான் திறக்கணும். வேற யாராவது வெட்டினா, வெட்டினேன்னு எழுதி, பேர் போட்டு, கையெழுத்து போடணும்.

கால் மணி நேரத்துல படில செருப்புச் சத்தம். அவசரமே இல்லாம மேல ஏறி வந்துச்சாம். அண்ணி அந்த ஒத்தை ரூம்ல மோட்டார் பக்கத்துல நின்னுக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க.

மேனேஜர் பூட்டப் பாத்தார். கோவப்படல. "நீங்கதான் சரின்னு எழுதிட்டீங்களே மேடம்"னு போனக் காட்டினார். வெள்ளைச் சுவரு, தேதி, எழுத்து, டிக். "ஃபைல்ல வச்சாச்சு."

"அது வந்ததுக்குப் போட்டது சார். சரின்னா வட்டம் போட்டிருப்பேன்."

"டிக்னா சரின்னுதான் ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்டதில்லையா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க வட்டக் கதைய யார் கேக்கப் போறாங்க?"

"அதான் பூட்டிருக்கேன்."

"வெட்டச் சொல்லிருவேன்."

"வெட்டுங்க. வெட்டினவர் கையெழுத்து போடணும். நீங்களே போடறீங்களா சார்?"

அவர் போனச் சட்டைப் பைல வச்சுக்கிட்டார். அப்புறம் அதே இனிப்புக் குரல். "உங்களுக்குப் பிடிக்கலன்னா விட்டுருங்க. நல்ல லெட்டராவே தர்றேன், அடுத்த வேலைக்கு ஆகும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் பேர் மட்டும் சொல்லிட்டுப் போங்க. அதான் உங்ககிட்ட டப்பா நிறைய கார்டு இருக்காமே."

டப்பா விஷயம் அண்ணி ஸ்பானர்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தாங்க. சங்கக் கூட்டத்துல, விளையாட்டா.

"தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க சார்"னாங்க அண்ணி. "அதனாலதான் குடுக்க முடியல."

கிளம்பறதுக்கு முன்னாடி மின்சாரப் பெட்டிக் கதவோட உள்பக்கத்துல ஆறாவதா தன் நம்பர எழுதினாங்க. பக்கத்துல, "கூப்பிடு. கையெழுத்து போடாத. பேர் குடுக்காத." பை, ஹெல்மெட், லெட்டர் இல்லாத வெறுங்கை. ஒன்பது மாடியும் நடந்தே இறங்கினாங்க.

வீட்டுக்கு வந்து டப்பாவக் கொட்டி, ஒவ்வொரு கார்டா எடுத்துக் கூப்பிட்டாங்க. வேலை கேட்டு இல்ல. "இப்படி ஒரு ஆள் இனிக்க இனிக்கப் பேசினா போகாதீங்க." சில பேர் கேட்டுக்கிட்டாங்க. சில பேர், "உனக்குக் கிடைக்காதது எங்களுக்கும் கிடைக்கக் கூடாதா?"ன்னு வச்சிட்டாங்க. அப்புறம் அந்த அஞ்சு நம்பர். அஞ்சு பேரும் வந்தாங்க, ஸ்பானரும் அதுல ஒருத்தர். எங்க வீட்டு மேஜைல அண்ணியோட சேத்து ஆறு பேர் கையெழுத்தோட ஒரு கடிதம் ரெடியாச்சு, லிஃப்ட் சோதனை அலுவலகத்துக்கு. ஸ்பானர் அண்ணி முகத்தப் பாக்கல. தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சார். கிளம்பும்போது அண்ணன் கதவு வரைக்கும் போய், "உங்க கார்டு இன்னும் டப்பாலதான் இருக்குங்க"ன்னார். திட்டினாரா, மன்னிச்சாரான்னு எனக்கு இன்னும் தெரியல.

பதினோரு நாள் ஆச்சு. அலுவலகத்துல, "வரிசைல இருக்கு, பாக்கறோம்"ங்கறாங்க. அண்ணி தினமும் காலைல லிஃப்ட்காரப் பெரியவருக்குப் போன் பண்ணுவாங்க. ஒரே கேள்விதான்.

"ஐயா, பூட்டு இருக்கா?"

"இருக்கும்மா."

இன்னைக்கு அவரே கூப்பிட்டார். அண்ணி ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"பூட்டு இருக்கும்மா. ஆனா நேத்து ஆள் வந்து சுவருக்கு மறுபடியும் பெயின்ட் அடிச்சிட்டுப் போயிட்டான்."

அடுத்த ஆள் வரப் போறார்னு எங்க மூணு பேருக்குமே புரிஞ்சிருச்சு. அண்ணி மெதுவாக் கேட்டாங்க. "பெட்டிக் கதவு உள்பக்கம் பாத்தீங்களா ஐயா?"

"இந்தத் தடவ அதையும் விடல."

போன வச்சதும் அண்ணி எந்திரிச்சுப் போய் டப்பாவ எடுத்துட்டு வந்தாங்க. அன்னைக்குப் போன் எடுக்காதவங்க பதினெட்டு பேரோட கார்டு தனியா ரப்பர் பேண்டு போட்டு வச்சிருந்தாங்க. இப்ப நான் இத எழுதிக்கிட்டிருக்கேன், அவங்க பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு நம்பரா அடிக்கறாங்க. பதினேழு பேர் எடுத்துட்டாங்க.

கடைசி கார்டுக்குப் பின்னாடி, "சின்ன வயசு, எட்டு மாசமா வேலை இல்ல, எதுக்கும் தயார்"னு எழுதியிருக்கு. மணி அடிச்சுக்கிட்டே இருக்கு.