கராஜ் கதவின் அடிப்பக்கம்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம்தான் காஜா பெராங் பகுதியில் அந்த வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். மெர்டேக்கா என்ற அந்தச் சுதந்திரக் கொண்டாட்டத்துக்காக வீட்டுக்காரர் முகப்புக்கும் பக்கத்து கராஜின் மரக்கதவுக்கும் பளபளவென்று பச்சைச் சாயம் அடித்து வைத்திருந்தார். வெளிப்பக்கமாகத் திறக்கும் இரட்டைக் கதவு. கராஜ் வைத்த வீடு கிடைத்ததில் என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் மருந்துக் கம்பெனி விற்பனையாளர். காலை ஏழு மணிக்கெல்லாம் காரை வெளியே எடுத்தாக வேண்டும்.

அக்டோபர் மழை பிடித்த மூன்றாம் நாள் கதவு திறக்கவில்லை. பிடியைப் பற்றி இழுத்தார், காலை ஊன்றி இழுத்தார், பிடிதான் கையோடு வந்தது. கடைசியில் மாதிரி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெங்கேராவுக்கு பஸ் ஏறினார்.

மறுநாள் ஒரு சீனத் தச்சர் வந்து, இரண்டு கதவும் சேரும் விளிம்பில் இழைப்புளியை ஓட்டினார். மரம் சுருள் சுருளாக உதிர்ந்தது. கதவு திறந்தது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தோம்.

பிப்ரவரி வெயிலில் கதவு சுருங்கி, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சுகள் அதன் வழியே புகுந்து காருக்கடியில் படுத்துக்கொள்ளும். அந்த வீட்டுச் செட்டி அம்மாள், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தவர், குஞ்சுகளை மலாயில் கூப்பிட்டபடியே வருவார். அவர் கடைசிக் குஞ்சையும் பிடிக்கும்வரை என் கணவர் வண்டியைக் கிளப்ப முடியாமல் நிற்பார்.

அடுத்த மழைக்குக் கதவு மறுபடியும் இறுகிக்கொண்டது.

"தச்சரைக் கூப்பிடு. இன்னும் கொஞ்சம் இழைக்கட்டும்," என்றார் அவர்.

"ஏங்க, இப்படியே இழைச்சுக்கிட்டே போனா வெயில் காலத்துல தாய்க்கோழியே உள்ள வந்துடும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி மனசில் ஒட்டிக்கொண்டது. கதவு வீங்குகிறது, சரி. எந்த இடத்தில் வீங்குகிறது?

அன்று மத்தியானம் பழைய நோட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து, முக்காலி மேல் ஏறி, இரண்டு கதவுக்கும் நடுவில் மேலிருந்து செருகிக் கீழே இழுத்தேன். நெஞ்சு உயரம் வரை வழுக்கிக்கொண்டு வந்தது. முழங்கால் உயரத்தில் பிடித்தது. தரைக்கு ஒரு சாண் மேலே அசையவே இல்லை. மழை கதவு முழுக்கத்தானே அடிக்கிறது, கீழே மட்டும் ஏன்?

கதவுக்கும் சிமெண்டுத் தரைக்கும் இடையே சின்னச் சந்து இருந்தது. என் முகக்கண்ணாடியைக் கொண்டுவந்து அதில் நுழைத்துச் சாய்த்துப் பார்த்தேன். பச்சை இல்லை, வேறு நிறமும் இல்லை. பலகைகளின் அடிமுனை வெறும் மரமாக, கறுத்துப் போய் இருந்தது. விரலால் தொட்டேன். காலையிலேயே மழை விட்டிருந்தும் சொதசொதவென்று ஈரம். துத்தநாகக் கூரையிலிருந்து வழியும் தண்ணீர் தரையில் விழுந்து தெறிப்பது நேராக அங்கேதான் போயிருக்கிறது.

தச்சர் வந்ததும், முதலாளியைக் கூப்பிடும் மரியாதையோடு, "தவுக்கே, இழைக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க," என்று மலாயில் சொல்லிக் கண்ணாடியை நீட்டினேன். அவர் குப்புறப் படுத்து வெகுநேரம் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"கீழேயிருந்து குடிக்குது," என்றார். "ஈரத்தோட சாயம் அடிச்சா நிக்காது. வெயில் வரட்டும்."

தச்சர் இழைக்காமலே போய்விட்டதால், அதுவரை என் கணவர் தினமும் கதவோடு மல்லுக்கட்டினார். "கண்ணாடியில உன் மூஞ்சியைப் பார்க்கிறதை விட்டுட்டுக் கதவைப் பார்த்தியாக்கும்," என்று என் மேல் எரிச்சல் வேறு.

வெயில் வந்ததும் தச்சர் கதவுகளைக் கீலிலிருந்து கழற்றி, ஒரு வாரம் காயப்போட்டார். அடிமுனைக்கு மூன்று பூச்சு. ஒரு கதவுக்கு நானே அடித்தேன். முதல் பூச்சை மரம் அப்படியே உறிஞ்சிக்கொண்டது. அரைமணி நேரத்தில் அடித்த சுவடே இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நடு இடைவெளியை அடைக்கத் தச்சர் ஒல்லியான சட்டம் ஒன்றை வைத்து அறைந்தார்.

அக்டோபர் வந்தது. விடாமல் நான்கு நாள் மழை. ஐந்தாம் நாள் காலை நான் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கதவு லேசாக முனகியது, திறந்தது. அவர் காரை வெளியே எடுத்தார். வாசலைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹார்ன் அடித்தார்.

பிறகொரு வருஷம் வீட்டுக்காரர் மறுபடி சாயம் அடிக்க ஆள் கூட்டி வந்தார். அடிமுனைக்கும் அடிக்க வேண்டுமென்று, முதலில் கதவைக் கழற்றச் சொன்னேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.