வலிக்குமென்று மடக்காத விரல்கள்

எழுபதுகளின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் நானும் என் கணவரும் ஒரே தறியில் சேலை நெய்துகொண்டிருந்தோம். கல்யாணமான புதிது. ஒரு சாயங்காலம் லாந்தர் கண்ணாடிக்குள் கையை விட்டுத் துடைத்தபோது அது உடைந்து, வலது மணிக்கட்டை ஆழமாகக் கிழித்துவிட்டது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயின.

மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் நரம்பைத் தைத்தார்கள். டாக்டர் நல்ல மனிதர், கணவரை உட்காரவைத்து விளக்கினார்.

“வெட்டுப்பட்ட இடத்துக்கு அந்தாண்ட இருக்கிற நரம்பு செத்துடும்பா. ஆனா அதைச் சுத்தியிருக்கிற சின்னச் செல்லுங்க சாகாது. புது நரம்புக்கு வழி பண்ணி, ஊட்டி வளக்கும். மூளைக்குள்ளயும் நரம்புக்குத் துணையா இப்படி வேற செல்லுங்க இருக்குது.”

கட்டுப் பிரித்தபின் தினமும் இடது கையால் அந்த விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் முதல் தடவை மடக்கியதுமே சுரீரென்றது. நான் முகம் சுளித்ததைப் பார்த்துக் கணவர் பதறிவிட்டார். பட்டு நெய்கிறவர் அல்லவா, அறுந்து முடிச்சுப் போட்ட இழையை இழுக்கக் கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம்.

“வேணாம்மா, தையல் புட்டுக்கும். அந்தச் செல்லுங்கதான் வேலை செஞ்சிக்கினு இருக்குதே, அதுங்க பாத்துக்கும்” என்று கையைத் துணியில் சுற்றிக் கழுத்தோடு கட்டிவிட்டார். சோறு ஊட்டினார். கோணல்மாணலாகத் தலை பின்னினார். எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. மறுபடி வரச் சொன்ன நாளில் அவசரச் சேலை ஒன்று தறியில் இருந்ததால் போகவில்லை. நாலு மாதம் தள்ளி, வைகாசி கருட சேவையெல்லாம் முடிந்துதான் போனோம்.

டாக்டர் என் உள்ளங்கையைத் தட்டினார். விரல் நுனிவரை சுருக்கென்று ஓடியது. அவர் முகம் மலர்ந்தது. பிறகு விரல்களை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

“நரம்பு நல்லா வளந்துடுச்சும்மா. விரலுதான் இறுகிப்போச்சு” என்றார் மெதுவாக.

“அப்ப தறியில உக்கார முடியாதா சார்?” என்று கணவர் கேட்டார். டாக்டர் முடியாதென்று தலையை அசைத்தார். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை கணவர் என் கையைத் தன் மடியிலேயே வைத்திருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. இப்போதும் பட்டைத் தொட்டால் அதன் வழவழப்பு எனக்கு நன்றாகத் தெரிகிறது, ஒரு இழையைத்தான் எடுக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத செல்கள்கூடத் தங்கள் பங்கைச் சரியாகச் செய்திருந்தன. எங்கள் பங்குக்கு அந்தக் கொஞ்ச வலியை இரண்டு பேரும் சேர்ந்து பொறுத்திருக்கலாமே என்று மனசு இன்னமும் அடித்துக்கொள்கிறது.