ஊசியில் நூல் கோத்தால் போதுமா?

என் அக்காவுக்குப் 'பூசணி' என்று பெயர் வைத்த புண்ணியவதி நான்தான். சட்டை தைக்கும் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஒரு நாள் விளையாட்டுக்குக் கூப்பிட்டேன், சூப்பர்வைசர் வரைக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் வேறென்ன செய்வாள் பாவம்?

ஒரு வருஷமாக அவளுக்குத் தலைவலி. காதுக்குள் நாடி துடிக்கிற கணக்கில் உஸ் உஸ்ஸென்று சத்தம். விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தால் சில நொடி கண் இருட்டிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும், "முதல்ல வெயிட்டக் குறைங்கம்மா" என்பார்கள். கால்வலிக்கும் அதே, சளிக்கும் அதே. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய் டாக்டர் பக்கமே போகாமல் விட்டுவிட்டாள்.

அப்புறம் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பக்கத்தில் வைத்த என் டீயைத் தட்டிவிட்டாள்.

"கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?" என்று கத்தினேன்.

உடனே ஊசியை எடுத்து ஒரே தடவையில் நூலைக் கோத்துக் காட்டினாள். "பாத்துக்கடி. கண்ணு கெட்டவளுக்கு இது வருமா?"

தையல்காரிகளான எங்களுக்கு அதுதான் கண் பரிசோதனை. நூல் கோக்க முடிந்தால் கண் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நானும் நம்பித் தொலைத்தேன்.

பக்கவாட்டில் சூடாக இருந்த இஸ்திரிப்பெட்டியில் அவள் கையை வைத்த அன்றுதான் எனக்கு அந்தப் பரிசோதனையில் நம்பிக்கை போனது. இழுக்காத குறையாகக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா விளக்கடித்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஸ்கேனும் மற்ற டெஸ்டுகளும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கண் நரம்பு வீங்கியிருக்கு. மூளையச் சுத்தியிருக்கிற தண்ணியோட அழுத்தம் ஏறியிருக்கு. உடம்பு எடை கூடினா சில பேருக்கு இப்படி வரும். ஓரப் பார்வை நிறையப் போயிடுச்சும்மா."

அக்கா பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். கோத்தும் காட்டினாள்.

"நேரா பாக்கற பார்வை கடைசியாத்தான்மா போகும்" என்றார் டாக்டர், மெதுவாக.

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "குண்டா இருக்கேன்னு எல்லாரும் சொன்னாங்க டாக்டர். கண்ணக் காட்டுன்னு ஒருத்தரும் சொல்லலியே."

எனக்குத் தலை நிமிரவில்லை.

அதன்பின் மாத்திரைகள். சாப்பிட்டால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும், மரத்த விரலோடு காலர் தைத்தாள். அரை வயிற்றுச் சாப்பாடு, தினமும் நடை, களைப்பு. எட்டு மாதத்தில் பதினோரு கிலோ குறைந்தாள். தலைவலி நின்றது, காதுச் சத்தமும் நின்றது. நேர்ப்பார்வை தப்பித்தது. போன ஓரம் போனதுதான், திரும்பவில்லை.

கம்பெனியில் இப்போது யாரும் அவளைப் பூசணி என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் நான் சும்மா விடமாட்டேன் என்று தெரியும்.

நேற்று கத்தரிக்கோலைத் தேடித் துழாவியவளின் கை என் தோளில் பட்டது. திடுக்கிட்டுப்போனாள்.

"இங்கயா இருக்க?"

"காலைலேர்ந்து இங்கதான்க்கா இருக்கேன்."

"மிஷின் சத்தத்துல ஒண்ணும் தெரியலடி." முழுத்தலையையும் என் பக்கம் திருப்பினாள். "அப்பப்ப கூப்பிடு. பூசணின்னே கூப்பிடு, பரவால்ல. நீ பக்கத்துல இருக்கேன்னாவது தெரியட்டும்."

வாயைத் திறந்தேன். அந்தப் பெயர் வரவில்லை.