ஸ்டோர் தாத்தாவுக்குக் கட்டிய காப்பு

கேமரன் மலையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொள்வது லேசுப்பட்ட காரியமில்லை. கட்டியவர் திருவிழா முடியும்வரை தினமும் குளிக்க வேண்டும், சுத்தமான வேட்டி உடுத்த வேண்டும், கவிச்சி தொடாமல் வயிறாரச் சாப்பிட வேண்டும், பொழுது சாயும்போது கோயிலுக்கு வந்து முகம் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அம்மன் கோபித்துக்கொள்வாள். அவளுக்கு முன்னால் லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் கோபித்துக்கொள்வார்கள். பதிலுக்குப் பொங்கலில் முதல் கரண்டி காப்புக்காரருக்கு. அந்தக் கரண்டியில் பாதி எனக்கு வரும் என்பதால், அந்த வருடம் என் மாமாதான் கட்ட வேண்டும் என்று நான் மனப்பால் குடித்துக்கொண்டிருந்தேன்.

என் ஆசையில் மண்ணைப் போட்டவள் எங்களோடு இருந்த அத்தை. பக்கத்து வீட்டு ஸ்டோர் தாத்தாவுக்குத்தான் காப்பு என்று ஒற்றைக்காலில் நின்றாள். தாத்தா ஒரு காலத்தில் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டவர். அந்த மெஷினின் சத்தத்தை வாயாலேயே போட்டுக்காட்டி எங்களைச் சிரிக்கவைப்பார். கொஞ்ச நாளாக அவரை வெளியே காணவில்லை. கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டிய அவருடைய மகன், விடியுமுன் வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த மகன் மனைவியை இழந்தவர், உதவிக்கு ஆளில்லை. லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரையைத் தொடாது. அதனால் தாத்தாவின் இருமல் எங்களுக்குக் கேட்கும், இரவில் மகனின் அதட்டலும் கேட்கும். அப்போதெல்லாம் அத்தை சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

“நேரா போய்க் கேட்டா என்னா?” என்றார் அப்பா.

“கேட்டா நாளைக்கு இன்னும் இறுக்கமா பூட்டுவான் லா. சாமி காரியம்னா பூட்ட முடியுமா?”

அத்தைக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பு நாளில் மகன் தாத்தாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். தாத்தா தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தார். எங்கள் ஊர்க் குளிருக்கு அதில் அதிசயமொன்றும் இல்லை.

“சாமி முன்னுக்கு இதோடயா? கழட்டுங்க பெரியவரே.”

“குளிரும்க்கா, வேணாம்” என்றார் மகன் அவசரமாக. அத்தை அதற்குள் கழற்றிவிட்டாள்.

தாத்தாவின் மேல்கைகளில் விரல் பதிந்த கருநீலத் தடங்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பூசாரியின் கையில் மஞ்சள் கயிறு பாதி முடிச்சில் நின்றது. உறுமி ஓய்ந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மன்தான் இறங்கிவிட்டாள் என்று நான் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை அப்பாவும் கோயில் தலைவரும் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். சுவருக்கு மேலாக மகனின் அழுகை வந்தது.

“தனியா முடியலண்ணே.”

“முடியலன்னா எங்ககிட்ட சொல்லணும். இனிமே அவர் மேல கை பட்டுச்சு, நேரா போலீஸ்தான்” என்றார் அப்பா.

மறுநாள் தோட்டத்து கிளினிக்கில் தாத்தாவைக் காட்டினார்கள். அதற்கப்புறம் அந்தக் கதவில் பூட்டு தொங்கவில்லை. மகன் வேலைக்குக் கிளம்பும்போது தாத்தாவை எங்கள் வீட்டில் விட்டுப்போவார், திரும்பும்போது அத்தைக்கு ஒரு கட்டு சவிக் கீரை கொண்டுவருவார். நான் பள்ளிவிட்டு வந்தால் வாசலிலேயே மெஷின் சத்தம் கேட்கும். திருவிழாவன்று முதல் கரண்டிப் பொங்கலை, ஒரு பருக்கை மிச்சமில்லாமல், தாத்தா எனக்கே ஊட்டிவிட்டார். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அடுத்த வருடம் அத்தை ஒரு புது வழக்கம் கொண்டுவந்தாள். லயத்தில் வயதானவர்கள் எல்லோருக்கும் காப்பு. கட்டுமுன் ஒவ்வொருவரின் கையிலும் தோள்வரை சந்தனம் பூச வேண்டும். பூசும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள், அதுவும் அவசரமில்லாமல். அம்மனுக்குச் சந்தன வாசனை பிடிக்கும்போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்று இளசுகள் எல்லாம் அதைப் பாட்டன் காலத்து வழக்கம் என்கிறார்கள்.

இந்த வருடம் காப்பு, வயதாகிவிட்ட அத்தைக்கும் சேர்த்து. கிண்ணத்தோடு நான் உட்கார்ந்தேன். அவள் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு கையை நீட்டினாள். நான் மளமளவென்று பூசுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

“பூசுறது பெருசில்ல லா. கையப் பாரு.”