பாலிஷுக்குப் போன ஸ்வெட்டர்

ஆரணியில் ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு வெயிலைப் பார்ப்பார்கள். கடைசியில் என் வீட்டுக்காரரைப் பாவமாகப் பார்ப்பார்கள். அவர் பட்டு நெய்கிறவர். நெசவு வீட்டில் கம்பளியா என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. இத்தனைக்கும் எனக்கு முதல் ஜோடி ஊசி வாங்கி வந்து கொடுத்ததே அவர்தான்.

என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வீடியோ பார்த்தால் பின்னல் வந்துவிடும். கஸ்டமரைச் சமாளிக்க எந்த வீடியோவும் இல்லை.

1. பார்டர் எங்கே?

முதல் ஆர்டர் ஒரு குழந்தை செட். தொப்பி, சட்டை, சாக்ஸ். மாதம் சித்திரை. வாங்க வந்த அம்மாள் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். பட்டு விற்கிற ஊரில் துணியைச் சும்மா வாங்கிவிடுவார்களா?

"எல்லாம் சரி. பார்டர் எங்க?"

"ஸ்வெட்டருக்கு பார்டர் கிடையாதுங்க."

"பார்டர் இல்லாம ஒரு துணியா? நாலு பேர் பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

பேசிப் பயனில்லை. கீழ் விளிம்பைப் பிரித்து, ஸ்டிச்சை மறுபடி ஊசியில் எடுத்து, அரக்கு நிறத்தில் ஒரு பட்டை போட்டுக் கொடுத்தேன். "இப்பத்தான் துணி மாதிரி கீது" என்றார். குழந்தை மட்டும் வாசல் தாண்டுவதற்குள் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டது. அந்த வீட்டில் விவரமான ஆள் அதுதான்.

2. கோமதி அம்மாவின் சீர்த்தட்டு

தொப்பி, சாக்ஸ் அலுத்துப்போய் கேபிள் என்கிற பின்னலைக் கற்றுக்கொண்டேன். நாலு ஸ்டிச்சைத் தனி ஊசியில் எடுத்து முன்னால் நிறுத்திவிட்டு, அடுத்த நாலைப் பின்னி, நிறுத்தியதைத் திரும்பச் சேர்க்க வேண்டும். செய்யச் செய்ய, முறுக்கிய கயிறு மாதிரி கம்பளி மேலே எழும்பி நிற்கும். அந்த மேடுதான் கேபிளின் அழகு. முதல் தடவை அது எழும்பியபோது நான் பாட்டுக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கோமதி அம்மா பட்டுக் கடை முதலாளியின் மனைவி. என் வீட்டுக்காரர் நெய்வது அவர்கள் கடைக்குத்தான். கோமதி அம்மாவின் மகளுக்கு நிச்சயம் பேசியிருந்த மாப்பிள்ளைக்குப் பனி கொட்டுகிற வெளிநாட்டில் வேலை. பெங்களூரில் இருக்கும் சம்பந்தி அம்மா, "பட்டு வேட்டி நெறைய இருக்கு. பையனுக்குக் கையால பின்னின ஸ்வெட்டர் வைங்க" என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மாவுக்கு அங்கே கைவேலைப் பொருட்கள் விற்கும் கடை இருந்தது.

அதைக் கேட்டதும் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. அந்தக் கடைக்கு மாதாமாதம் அனுப்ப முடிந்தால், என்னிடம் கற்கிற பெண்களுக்கும் நிலையான வேலை கிடைக்கும். அதற்கு என் கையில் இருந்த ஒரே சாட்சி இந்த ஸ்வெட்டர். சுத்தமான கம்பளி வரவழைத்து, முன்பக்கம் முழுக்கக் கேபிள் ஓடவிட்டுப் பின்னிக் கொடுத்தேன்.

3. மேடும் பள்ளமும்

நிச்சயதார்த்தத்தன்று காலை மண்டபத்துக்குப் போனேன். கோமதி அம்மா பெருமையாக ஒரு புடவை டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே என் ஸ்வெட்டர், அப்பளம் மாதிரி.

"இன்னாங்கம்மா இது?"

"பாலிஷ் போட்டுட்டேன்! நீ குடுத்தப்ப ஒரே மேடும் பள்ளமுமா இருந்துச்சு. நம்ம புடவை பாலிஷ்காரர்கிட்ட குடுத்தேன். கஞ்சி போட்டு, இழுத்து, அழுத்தி, எப்படிக் கொண்டாந்துட்டார் பாரு! தட்டுல அம்சமா உக்காரும்."

பிரித்துப் பிடித்தேன். கை இரண்டும் முழங்காலைத் தொடும்போல நீண்டிருந்தன. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அந்த மேடுதாம்மா டிசைனே!"

"அப்ப முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

மண்டபத்துச் சமையல்கட்டுக்கு ஓடி, ஒரு அண்டாவை வாங்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்வெட்டரை அமுக்கினேன். கோமதி அம்மா பின்னாலேயே வந்து கத்தினார்.

"சீர்த்துணிய தண்ணில போடுறியே, உனக்கு புத்தி கெட்டுப்போச்சா? சாயங்காலம் சம்பந்தி வந்துடுவாங்க!"

செயற்கை நூலாக இருந்திருந்தால் இஸ்திரிச் சூட்டிலேயே கதை முடிந்திருக்கும். கம்பளி என்பதால் பிழைத்தது. கஞ்சி வெள்ளையாகக் கரைந்து இறங்க, கேபிள் மெல்ல எழும்பியது. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, ஸ்வெட்டரை அதில் சுருட்டிப் பிழிந்து, மொட்டை மாடியில் அளவுக்குத் தட்டித் தட்டிப் பரப்பினேன். இதற்குப் பெயர் பிளாக்கிங். காக்கா விரட்டுவதும் அதில் சேர்ந்தது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் தட்டில் வைத்தபோது மேலே காய்ந்திருந்தது. முறுக்குக்குள் ஈரம் போகவில்லை. சம்பந்தி அம்மா தொட்டுப் பார்த்தார்.

"என்ன, ஈரமா இருக்கே?"

"பன்னீருங்க" என்றார் கோமதி அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "சீர்த்துணிக்கு பன்னீர் தெளிச்சிதான் குடுப்போம். எங்க ஊரு வழக்கம்."

எனக்குத் தெரிந்து ஆரணியில் அப்படியொரு வழக்கம் இல்லை. பக்கத்தில் இருந்த பன்னீர்ச் செம்பை எடுத்து, வழக்கத்தை நானே தொடங்கி வைத்தேன்.

சம்பந்தி அம்மா கேபிளை விரலால் வருடினார். "எவ்ளோ அழகா எழும்பி நிக்குது! யார் செஞ்சது?"

"எல்லாம் நம்ம கடை தயாரிப்புதாங்க" என்றார் கோமதி அம்மா.

வீட்டுக்காரரின் தறிவேலை அவர்கள் கையில் இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனாலும் பொறுக்கவில்லை.

"நான்தாங்க பின்னுனேன். என் பேரு சாந்தி."

குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. நாதஸ்வரக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். கோமதி அம்மாவின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். சம்பந்தி அம்மா என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். "எங்க கடைக்கு மாசாமாசம் அனுப்புங்க சாந்தி. அந்தப் பன்னீரை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

இன்றுவரை தெளித்துத்தான் அனுப்புகிறோம்.

வண்டியில் வீடு திரும்பும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் 'ம்' மட்டும் போட்டார்.

"இன்னாங்க, நான் பேசினதுல கடைல எதுனா பேஜாராயிடும்னு பயமா?"

"சேச்சே. பக்கத்துத் தட்டுல சம்பந்தி அம்மாவுக்கு வெச்ச புடவை நான் நெய்ஞ்சது. எடுத்து மேல போட்டுகினு அவ்ளோ சந்தோசப்பட்டாங்க."

"சொல்றதுதானே?"

"யாரு நெய்ஞ்சதுன்னு கேக்கலியே."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் வரும் பெண்களுக்குக் கேபிள், பிளாக்கிங் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் இதையும் சொல்வேன். யார் செய்தது என்று கேட்டால் உடனே உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.