களிமண்ணில் இறங்கிய தறி நாடா

இங்கிலாந்தில் ஏழைக்கும் ஓட்டு வேண்டும் என்று கிளம்பிய சாசனக்காரர்கள், தொழிலாளிக்கு நிலம் வேண்டும் என்றும் ஒரு சங்கம் வைத்தார்கள். அதில் குலுக்கலில் பேர் விழுந்துதான் கெசாயா திரெல்ஃபாலுக்கு அந்த வீடு கிடைத்தது. மூன்று அறை, நாலு ஏக்கர். லங்காஷயரில் கைத்தறியில் முதுகு வளைந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஆனால் கை நெசவாளியின் கை ஆயிற்றே! நெருக்கினால்தான் துணி என்று பழகிய கை, டர்னிப் கிழங்கு விதையையும் நெருக்கித் தள்ளியது. அறுவடைக்குத் தோண்டினால் எல்லாம் எலிவால் பருமன்.

பக்கத்து நிலத்து விவசாயி ஜெப் வேலிக்கு அப்பால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏம்மா தறிக்காரி, நீ விதைச்சியா, இல்ல பாவு ஓட்டுனியா?"

"சிரிச்சது போதும். என்ன போடணும், எவ்ளோ எடம் விடணும்னு சொல்லிட்டுப் போய்யா."

"ஸ்ட்ராபெரி போடு. இந்தக் களிக்கு அதான் சரி. ஓரடி தள்ளித் தள்ளி நடு." தான் கழித்துப் போட்ட கன்றுகளையும் கூடையோடு தூக்கிக் கொடுத்தான்.

அவள் புருஷன் ஏமோஸுக்கோ மனசு விட்டுப்போயிருந்தது. "போதும்டி. எங்கண்ணன் கொட்டகையில ஒரு தறி சும்மா கெடக்கு. திங்கக்கிழமை கெளம்புறோம். உன் நாடாவ எடுத்து வை."

நூலைச் சுமந்து தறியின் குறுக்கே ஓடும் ஓரடிக் கட்டைதான் நாடா. அது சொந்தமாய் இல்லாமல் போனால் அண்ணன் தறியில் உட்காரவே விடமாட்டான். புதிதாய் ஒன்று வாங்க வக்கும் இல்லை.

திங்கட்கிழமை வண்டி வந்து நின்றது. வீடு முழுக்கத் தேடிவிட்டு ஏமோஸ் தோட்டத்துக்கு ஓடினான். அங்கே அவள் மண்டியிட்டு, தறி நாடாவைக் களிமண்ணில் குத்திக் குத்திக் கன்று நட்டுக்கொண்டிருந்தாள். இரும்பு முனை மழுங்கிக் கட்டை பிளந்திருந்தது.

"அடிப்பாவி! இனிமே இதுல நூலு ஓடுமா? அறுத்துத் தள்ளிடுமே!"

"அறுக்கட்டும். தறிக்குத் திரும்பப் போற வழிய நானே அடைச்சிட்டேன். வண்டிய அனுப்பிடு. இல்ல, நீ மட்டும் ஏறிப் போ."

ஏமோஸ் வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டி ஓய்ந்ததும் வண்டிக்காரனைப் போகச் சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றி வேலியில் போட்டான்.

"அடுத்த குழி எங்கடி?"

கெசாயா நாடாவை மண்ணில் நீட்டிப் படுக்கவைத்து, அது முடிந்த இடத்தில் விரலை ஊன்றினாள். "இங்க."

அந்த வீட்டிலேயே இருவரும் கிழமானார்கள். நாடா கடைசிவரை மண்வெட்டிக்குப் பக்கத்தில்தான் தொங்கியது.