பார்டர் செடி

தையல்காரியின் கத்தரிக்கோல் துணியைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. பேருந்து ஓட்டும் அவள் கணவர் ஒருமுறை அதை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டு, அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த வீட்டுப் பின்னறையில் இப்போது அவள் அக்கா இருக்கிறாள். கணவரைப் பறிகொடுத்த கண்ணீர் காய்வதற்குள் வீடும் கைவிட்டுப் போக, ஒரு பெட்டியும் ஒரு தொட்டிச் செடியுமாக வந்து சேர்ந்தவள். இலைக்கு இலை வெள்ளைக் கரை, கொத்துக் கொத்தாய் ரோஜா நிறப் பூ. அக்காவும் அத்தானும் சேர்ந்து வளர்த்தது. தையல்காரி அதற்கு 'பார்டர் செடி' என்று பெயர் வைத்தாள். அக்காவோ வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். கொறிப்பதுதான் சாப்பாடு.

"இந்தச் செடி பெருகிட்டா அக்கா எழுந்துடுவா, பாருங்க" என்றாள் தையல்காரி.

"உங்கக்கா செடியக்கூடத் திரும்பிப் பாக்கலையே" என்றார் கணவர்.

"பாக்க வைக்கிறேன்!"

வேரில் கொஞ்சம் எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கி நட்டாள். எல்லாம் துளிர்த்தன. பூரிப்போடு ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள்.

"அக்கா, எத்தனை குட்டி போட்டிருக்கு பாரேன்!"

அக்கா திரும்பிப் பார்த்தாள். இலைகளில் கரையே இல்லை, வெறும் பச்சை.

"இது எங்க செடி இல்லடி."

மறுபடியும் சுவர். தையல்காரி தொட்டியோடு வெளியே வந்தாள்.

செடி விற்கிறவரிடம் போய் நின்றாள். அவர் சிரித்துவிட்டார். "வேர்லேர்ந்து எடுத்தா அந்தக் கரை வராதும்மா. கரை வச்ச இலை இருக்கிற தண்டைத்தான் வெட்டி வைக்கணும். தாய்ச் செடியில பச்சைக் கிளை எதையாவது விட்டு வச்சிருக்கீங்களா?"

விட்டுத்தான் வைத்திருந்தாள். துண்டுத் துணியைக்கூடத் தலையணையில் அடைக்கிற கை அது. செழிப்பாக வளர்ந்ததை எப்படி எறியும்?

"அதுங்களுக்குத்தான் பலம் ஜாஸ்தி. மத்ததையெல்லாம் அமுக்கிடும்."

வீடு திரும்பிப் பார்த்தாள். பச்சைக் கிளைகள் ஆளாகி நின்றன. அவற்றின் நிழலில், கரை வைத்த தண்டு ஒன்றே ஒன்று கூனிக் கிடந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு பச்சையை அடியோடு அறுத்தாள். பிறகு அந்த ஒற்றைத் தண்டில், கணுவுக்குக் கீழே, துணியில் குறி போடும் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"அது பிழைக்கலைன்னா?" என்று மெல்லக் கேட்டார் கணவர்.

"பிழைக்கும். நீங்க தள்ளி நில்லுங்க."

புது பிளேடால் நுனியை வெட்டி, கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் ஊன்றி, பிளாஸ்டிக் பையால் மூடினாள். தையல் மெஷின் பக்கத்திலேயே, வெயில் படாத ஜன்னலோரம் வைத்தாள். ஒரு இலை பழுத்து விழுந்தது. இன்னொன்றும். மெஷினை மிதித்தபடியே செடியிடம் சொன்னாள்: "நீயும் கைவிட்டா அவளுக்கு யாரு இருக்கா? வேர் விடு."

விட்டது. உச்சியில் புது இலை சுருள் பிரிந்தது, வெள்ளைக் கரையோடு.

அவள் தொட்டியை அக்காவின் கட்டிலருகே வைத்தாள். அக்கா திரும்பினாள். விரல் அந்தக் கரையோரமாக மெல்ல ஓடியது. எழுந்து உட்கார்ந்தாள்.

"தாய்ச் செடி எங்க?"

"பின்வாசல்ல இருக்குக்கா."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த அக்காவின் முகம் சுருங்கியது. "அடியில மறுபடி பச்சை விடுதே, கண்ணு தெரியலையா உனக்கு? உங்க அத்தான் இருந்தா ஒரு நாள்கூட விட்டு வைக்க மாட்டாரு. கத்தரிய எடுத்துட்டு வா."

தையல்காரி மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். கணவர் கண்ணை அகல விரித்தார்.

"துணி கத்தரிதான் இருக்கு. இந்தாக்கா."

அக்கா அதை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்வாசலுக்கு நடந்தாள்.